பொன்னுரங்கத்தின் கிட்னி

கோகிலவாணியின் வலது அடிவயிற்றில் இருந்த சிறுநீரகத்துக்கு அந்த வீட்டில் ஒரே பெயர்தான். பொன்னுரங்கத்தின் கிட்னி. அது அவள் உடம்புக்குள் வந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. அவள் ரத்தத்தில்தான் அது பிழைத்தது, அவள் குடித்த தண்ணீரைத்தான் பிரித்தது. ஆனாலும் அதை அவளுடையது என்று ஒருத்தரும் சொன்னதில்லை. அவளே சொல்லாதபோது மற்றவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

கொடுத்தவன் அவள் புருசன். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். முப்பத்து நான்கு வயதில் அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போய், வாரத்தில் மூன்று நாள் கள்ளக்குறிச்சிக்கு டயாலிசிஸுக்கு ஓடி, கையில் ஊசி குத்த இடமில்லாமல் போனபோது, "எம் ரத்தக் குரூப்பும் அவ குரூப்பும் ஒண்ணுதாங்க, எங்கிட்ட இருந்து எடுத்துக்குங்க" என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் தானாகப் போய் நின்றவன் பொன்னுரங்கம். அந்த வார்டில் இருந்த ஜோடிகளில் பெண்டாட்டி புருசனுக்குக் கொடுத்தது நான்கு, தாய் பிள்ளைக்குக் கொடுத்தது மூன்று. புருசன் பெண்டாட்டிக்குக் கொடுத்தது இது ஒன்றுதான். அடுத்த வார்டு நர்சுகள்கூட வந்து அவனை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஊர் திரும்பிய நாளில் கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தில் பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். 'உயிர் தந்த உத்தமரே வருக' என்று எழுதி, பொன்னுரங்கம் கைகூப்பி நிற்கிற படம் ஆள் உயரத்துக்கு இருந்தது. கோகிலவாணி மூலையில் தபால்தலை அளவில் இருந்தாள், ரேஷன் கார்டு படம். பொன்னுரங்கத்தின் பெரியப்பா சுப்புராயன், ஊரில் நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்கிறவர், அவனுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு அழுதே விட்டார். அதற்குப் பிறகு உறுப்பு தான நாள் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டாலும் பொன்னுரங்கத்தைத்தான் கூப்பிட்டார்கள். மரவள்ளிக்கிழங்கு வியாபாரம் பார்க்கிறவன், மேடையில் இப்படிப் பேசுவான் என்று யாரும் நினைக்கவில்லை. பேச்சின் முடிவில், "அந்தக் கிட்னி அதோ ஒக்காந்துனு இருக்குது" என்று அவளைக் காட்டுவான். அவள் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார வேண்டும்.

கிழங்கு ஏற்றக் கல்வராயன் மலைக்குப் போனால் வெள்ளிமலையிலிருந்து போன் செய்வான். "எங்கிட்னி எப்புடி இருக்குது?" என்றுதான் முதல் கேள்வி. "நல்லா இருக்குதுங்க" என்பாள். முதல் வருடம் அவளும் சிரித்தாள், வேடிக்கையாகத்தான் இருந்தது. மாமியார் ஆண்டாள் குழம்பை நக்கிப் பார்த்துவிட்டு, "உப்பு ஜாஸ்திடி, எம்புள்ள கிட்னி இன்னாத்துக்கு ஆவறது?" என்பாள். அவள் கொஞ்சம் அயர்ந்து படுத்தால், "தண்ணி குடிச்சியா? கிட்னி காஞ்சிப் போவும்." யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். தானம் கொடுத்தவன் தினமும் வந்து பல்லைப் பிடித்துப் பார்த்தால் மாடு என்ன செய்யும் என்பதை ஒருத்தரும் சொல்லி வைக்கவில்லை.

பாண்டிச்சேரியில் வருடாவருடம் முழுப் பரிசோதனை உண்டு. ஃபைல் பொன்னுரங்கத்தின் கையில் இருக்கும். டாக்டர் கேட்பதற்கெல்லாம் அவன்தான் பதில் சொல்வான், அவளுக்கு எத்தனை மணிக்கு எந்த மாத்திரை என்பது அவனுக்குத்தான் மனப்பாடம். முதல் வருடம் ஒரு நர்சு சீட்டு ஒன்றை எழுதி, பெண்கள் பிரிவில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொன்னாள். கிட்னி மாற்றியவர்கள் இதை வருடத்துக்கு ஒரு தடவை கட்டாயம் செய்துகொள்ள வேண்டும் என்றாள். இரண்டு பேரும் போனார்கள். அங்கே வரிசை வாசல் வரைக்கும் நின்றது. கதவைத் திறந்துகொண்டு மீசை முளைத்த ஒரு பயிற்சி டாக்டர் வெளியே வந்தான். பொன்னுரங்கம் அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"இவனா ஒன்ன உள்ள பாக்கப் போறான்? வா போலாம். மலையில லோடு நிக்குது" என்றான். திரும்பிப் போனதும் கிட்னி டாக்டர், "பெண்கள் பரிசோதனை முடிஞ்சதா?" என்று கேட்டார். "ஆச்சிங்க சார்" என்றான் பொன்னுரங்கம்.

கோகிலவாணி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. உடம்பை அறுத்துக் கொடுத்தவனைப் பொய்யன் என்று நான்கு பேர் முன்னால் எப்படிச் சொல்வது? உண்மையில் அவளுக்கும் அந்தப் பையன் முன்னால் படுக்க வேண்டாம் என்றுதான் இருந்தது. அடுத்த வருடம் டாக்டர் கேட்டார், "ஆச்சிங்க சார்." அதற்கடுத்த வருடமும் ஆச்சி. ஐந்து வருடத்தில் நான்கு ஆச்சி.

ஐந்தாம் வருடம் மாசி மாதத்தில் அவளுக்கு வெள்ளை பட ஆரம்பித்தது. பிறகு புருசனோடு படுத்தெழுந்தால் சேலையில் ரத்தம். ஆண்டாள், "அம்மாம் மாத்திர திங்கிற, சூடு ஏறாம இன்னா பண்ணும்?" என்று வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்தாள். பொன்னுரங்கம் இளநீர் வாங்கிவந்து போட்டான். கிட்னி பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்ததால் யாருக்கும் கவலை இல்லை. ஐப்பசி வரைக்கும் சூடு என்றே ஓடியது. பி.பி. பார்க்க வீட்டுக்கு வந்த சுகாதார நர்சு எழில்மதி, கோகிலவாணி உட்கார்ந்து எழுந்த இடத்தில் இருந்த கறையைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள்.

"எவ்ளோ நாளாக்கா இப்புடி?"

"எட்டொம்பது மாசமா."

"கிட்னி மாத்துனவங்க நீங்க! வருசா வருசம் உள்ள பாக்கச் சொல்லியிருப்பாங்களே?"

"ஆச்சின்னு சொன்னாரு" என்றாள் கோகிலவாணி. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பதில் என்று அவளுக்கே பட்டது.

பாண்டிச்சேரியில் சதை எடுத்துப் பரிசோதித்து, பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். பத்தாம் நாள் போனபோது பார்த்தது ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் டாக்டர். அதற்கு முன்னால் படிவம் நிரப்புகிற நர்சு இரண்டு பேரையும் உட்கார வைத்து எல்லாரிடமும் கேட்கிற கேள்விகளைக் கேட்டாள். எத்தனை வயதில் கல்யாணம், எத்தனை பிரசவம், வேறு யாரோடாவது தொடர்பு இருந்ததா.

"இல்லீங்க" என்றாள் கோகிலவாணி.

"உங்களுக்குங்க?"

பொன்னுரங்கம் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டான். "இன்னா கேள்வி கேக்குற? நான் கிட்னி குடுத்தவன்!"

நர்சு அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடிவைத்தாள்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "கர்ப்பப்பை வாயில புற்றும்மா. இது எச்.பி.வி.ங்கிற வைரஸால வர்றது. புருசன் பொண்டாட்டி உறவுல ஒட்டுறது. ஊர்ல பாதிப் பேருக்கு மேல என்னைக்காவது வந்திருக்கும், வந்ததே தெரியாது. உடம்பே ரெண்டு வருசத்துல தொடச்சிப் போட்டுடும். உங்க விஷயம் வேற. அடுத்தவங்க கிட்னிய உடம்பு தள்ளிடக் கூடாதுன்னு எதிர்ப்பு சக்தியை மாத்திரை போட்டுத் தூங்க வெச்சிருக்கோம். வைரஸைத் தொடைக்க ஆளில்ல. அதனாலதான் வருசா வருசம் பாக்கச் சொல்றது. ஆரம்பத்துலயே பாத்திருந்தா அரைமணி நேரத்துல சுட்டு எடுத்திருப்போம், வீட்டுக்குப் போய் நீங்களே சோறாக்கியிருக்கலாம்." ஃபைலைப் புரட்டினார். "முடிஞ்சதுன்னு நாலு தடவ எழுதியிருக்கு. ரிப்போர்ட் எங்க?"

டாக்டர் இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டு ஃபைலை மூடினார்.

"எப்ப ஒட்டுச்சு, எப்படி ஒட்டுச்சுன்னு இப்ப ஆராயறதுல பிரயோஜனம் இல்ல. இருபது வருசத்துக்கு முந்திகூட இருக்கலாம். ஆபரேஷன் பண்ற கட்டம் தாண்டிடுச்சு. கரண்ட் வைக்கணும், ரேடியேஷன். அஞ்சு வாரம், அப்புறம் உள்ள வெச்சு மூணு தடவ. ஒரு சிக்கல் இருக்கு. மாத்தி வெச்ச கிட்னி இடுப்புக்குள்ளதான் இருக்கு. கரண்ட் படற இடத்துக்குப் பக்கம். முடிஞ்சவரைக்கும் மறைச்சு வைப்போம். மாத்திரையையும் கொறைக்க வேண்டியிருக்கும். கிட்னி தப்பிக்கும்னு என்னால சொல்ல முடியாது."

"அப்ப எங்கிட்னி?" என்றான் பொன்னுரங்கம்.

டாக்டர் அவன் பக்கம் திரும்பினார். "கிட்னி போனா டயாலிசிஸ் இருக்கு. ஆள் போனா?"

"வைக்கலன்னா எம்மா நாளுங்க?" என்று கோகிலவாணி கேட்டாள்.

"ஒரு வருசம். ஒன்றரைன்னு வெச்சுக்குங்க. வெச்சா பாதிப் பேருக்கு மேல நல்லா இருக்காங்க. சீக்கிரம் முடிவு பண்ணுங்க."

திரும்புகிற பஸ்ஸில் விழுப்புரம் வரைக்கும் அவள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். கோகிலவாணிக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம். அதற்கு முன்னால் ஒருவன் விரல்கூட அவள்மேல் பட்டதில்லை, அதற்குப் பின்னாலும் இவன் ஒருவன்தான். உறவில் ஒட்டுவது என்றால் அவளுக்கு ஒட்ட ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. கணக்கு அவ்வளவு சின்னது. கல்யாணமான புதிதில் ஆத்தூர் ஜவ்வரிசி ஆலையில் கிழங்கை இறக்கிவிட்டு மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்த காலம் ஒன்று அவனுக்கு இருந்தது. சட்டையில் வேறு பவுடர் வாசனை. கேட்டதற்கு ஒரு தடவை அறை வாங்கினாள், பிறகு கேட்கவில்லை. பிறகு அவனாகவே திருந்திவிட்டான். கிட்னியும் கொடுத்தான். அந்த மூன்று நாட்கள் அத்தோடு கழுவித் துடைத்துப் போனதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். இப்போது பக்கத்து இருக்கையில் வாயைப் பிளந்து தூங்குகிறவனைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

முடிவு பண்ணுங்கள் என்று டாக்டர் சொன்னது அவளிடம். முடிவு பண்ண உட்கார்ந்தது மற்றவர்கள். சுப்புராயன் வந்து வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "குடுத்த பொருள எரிக்கிறதுன்னா, குடுத்தவன் மனசு ஒப்பணும் இல்ல?" என்றார். ஆண்டாள், "எம்புள்ள வவுத்துல பத்து தையல் போட்டாங்க. அதுக்கு இதான் மருவாதியா?" என்று மூக்கைச் சிந்தினாள். இரண்டு நாளில் யாரோ மாமியாருக்குப் போனில் எதையோ காட்டிவிட்டார்கள். அது நடத்தை கெட்ட பொம்பளைகளுக்கு வருகிற சீக்கு என்று எதிர்வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். இங்கே உலையே மாமியார் வாயாக இருந்தது.

பதினொன்றாவது படிக்கிற மகள் தனுஷா சமையலறையில் வந்து நின்றாள். "இன்னாம்மா சொல்றாங்க? நீ எப்ப ஆஸ்பத்திரிக்குப் போற?"

"அப்பா சொல்லட்டும்."

"அப்பாக்கா சீக்கு?"

மகளிடம் பதில் சொல்ல முடியாமல் போனதுதான் அன்றைக்கு எல்லாவற்றையும்விட அவளுக்கு உறைத்தது.

மூன்று வாரம் போனது. ஒரு நாள் காலையில் பொன்னுரங்கம் வண்டியில் ஏறச் சொன்னான். வெள்ளிமலைக்கு அப்பால் ஆயம்மாள் என்று ஒருத்தி, பொம்பளைகளுக்கு ரத்தப்போக்கு நிற்க வேர் அரைத்துக் கொடுக்கிறாளாம். கரண்டும் வேண்டாம், கத்தியும் வேண்டாம், கிட்னியும் பிழைக்கும் என்றான். அடிவாரத்துப் பரிகம் தாண்டி மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் அவளுக்கு இடுப்பு விண்டுபோவதுபோல் வலித்தது. வலியை வெளியில் காட்டவில்லை.

ஆயம்மாளுக்கு நாற்பது வயதுதான் இருக்கும். வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். பொன்னுரங்கம் விவரம் சொல்லச் சொல்லப் புடைத்துக்கொண்டே கேட்டாள். கிட்னி மாற்றியது என்ற வார்த்தை வந்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"மாத்துன கிட்னியா? அய்யய்யோ, நான் குடுக்க மாட்டண்ணா. போன வருசம் ஒருத்தரு இதச் சொல்லாமலே வேரு வாங்கினு போயி, மூஞ்செல்லாம் வீங்கி, பொழைச்சதே பெரும்பாடு. எம்பொண்ணு சேலத்துல நர்சுக்குப் படிக்குது. தெரிஞ்சா என்னையத்தான் வெட்டும்."

"நீ கேக்குறத குடுத்துடறன்."

"இன்னா குடுத்தாலும் வாணாண்ணா. ஆஸ்பத்திரிக்கே இட்டுனு போ." பிறகு அவள் கோகிலவாணியைப் பார்த்தாள். "நீ இன்னாக்கா சொல்ற? ஒனக்கு இன்னா பண்ணணும்?"

"அவளுக்கு இன்னா தெரியும்? நான்தான..." என்று ஆரம்பித்தான் பொன்னுரங்கம்.

"உன்னையக் கேக்கலண்ணா. நோவு அந்தக்காவுக்குத்தான?"

ஐந்து வருடத்தில் அவளை இப்படி யாரும் கேட்டதில்லை. கேட்டதும் கோகிலவாணிக்கு யோசிக்க ஒன்றுமே இல்லாமல் இருந்தது. "எனக்குக் கரண்டு வைக்கணுங்க. நான் உசுரோட இருக்கணும்" என்றாள். குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது.

"அப்ப வெச்சிக்க" என்று ஆயம்மாள் முறத்தை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு வெயில் இறங்குவதற்குள் சாமை முடிக்க வேண்டியிருந்தது.

இறங்குகிற வழியில் ஒரு வளைவில் பொன்னுரங்கம் வண்டியை ஓரமாக நிறுத்தினான். ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "பனி காலத்துல இன்னும் தையல் இழுக்குதுடி எனக்கு. ஒரு மூட்டய முழுசாத் தூக்க முடியல. ஒடம்ப அறுத்துக் குடுத்தன். அத எரிச்சிட்டு வரேன்னு ஒரு மலக்காரி கிட்ட சொல்ற."

அவன் நடிக்கவில்லை. அந்த வலி உண்மை, அந்தத் தழும்பு உண்மை. அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவம் பார்த்ததுதான் இத்தனை வருடம் அவள் வாயை அடைத்தது என்பதும் அப்போது புரிந்தது.

"பொம்பளைங்க பரிசோதன ஆச்சின்னு வருசா வருசம் சொன்னீங்களே, ஏங்க?"

"அதுக்கு இப்ப இன்னா?"

"செஞ்சிருந்தா ஒங்க கிட்னியும் தப்பிச்சிருக்கும், நானும் தப்பிச்சிருப்பன்."

"நீயும் பக்கத்துலதான ஒக்காந்துனு இருந்த? வாய்ல கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. நான்கு ஆச்சியில் பாதி, வாயை மூடிக்கொண்டிருந்த அவளுடையது. வண்டி பரிகம் வரும்வரை அதை நினைத்துக்கொண்டே வந்தாள், ஊருக்குள் நுழையும்போது ஐந்தாவதாக ஒன்று சொல்ல விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

மறுநாளே அண்ணி குஞ்சம்மாளுக்குப் போன் செய்து வரச்சொல்லிப் பாண்டிச்சேரிக்குக் கிளம்பினாள். பொன்னுரங்கமும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தான். டாக்டர் படிவத்தை நீட்டியதும், "நான் கையெழுத்துப் போட மாட்டன். எங்கிட்னி அது. என்னையக் கேக்காம ஒண்ணும் பண்ணக் கூடாது" என்றான்.

"உங்க கையெழுத்து வேணாங்க. அவங்க கையெழுத்துதான் வேணும்" என்றார் டாக்டர்.

"குடுத்தவனுக்கு ஒரு பாத்தியதையும் இல்லியா?"

"குடுத்தப்பவே முடிஞ்சுபோச்சு."

இதை ஐந்து வருடத்துக்கு முன்னால் யாராவது பிளெக்ஸில் எழுதி வைத்திருக்கலாம். கோகிலவாணி கையெழுத்துப் போட்டாள். பொன்னுரங்கம் ஃபைலை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தர்மத்துக்கு நடத்துகிற ஒரு விடுதியில் அவளும் குஞ்சம்மாளும் தங்கினார்கள். இரண்டு வாரத்தில் குஞ்சம்மாளுக்கு நடவு வேலை வந்துவிட்டது, மீதி நாட்கள் அவள் தனியாகவே போய்வந்தாள். வாந்தி, பேதி, சிறுநீர் போனால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிச்சல். தனுஷா தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் பேசினாள். பொன்னுரங்கத்திடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது. "கிட்னி எப்புடி இருக்குது?" என்று கேட்டான். "தெரியலீங்க" என்றாள்.

மூன்றாம் மாதம் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி கண்ணுக்குத் தெரியவில்லை, இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்வோம் என்று டாக்டர் அவள் கையைப் பிடித்துச் சொன்னார். அடுத்த மாதம் கால் வீங்கியது, சிறுநீர் நின்றது. கிட்னி போய்விட்டது. மறுபடியும் கள்ளக்குறிச்சி, வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம் ஊசியோடு படுக்கை. இதுவும் அவளுக்குத் தெரிந்ததுதான், பழைய வேலைக்குத் திரும்பிப் போவதுபோல் போனாள். கர்ப்பப்பை வாயில் புற்று அடங்கியது, அடிவயிற்றில் கிட்னி போனது என்று இரண்டு செய்தி ஊருக்குள் வந்தது. ஊர் காதில் இரண்டாவது மட்டும்தான் விழுந்தது.

விசாரிக்க வந்தார்கள். உங்களால் நம்ப முடியாது, ஆனால் வந்தார்கள். சாவு வீட்டுக்கு வருகிறவர்கள்போல் இரண்டு பேர் மூன்று பேராக, ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு, பொன்னுரங்கத்தைப் பார்க்க வந்தார்கள். ஆண்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் ஆண்டாளைக் கட்டிக்கொண்டார்கள். அவனும் நான்கு நாள் தாடியோடு, செத்த வீட்டுப் பிள்ளை மாதிரி உட்கார்ந்துகொண்டு, "ஆண்டவன் குடுத்தான், நான் குடுத்தன், நிக்கல" என்று ஒவ்வொருத்தருக்கும் சொன்னான். டயாலிசிஸ் முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியவளைப் பார்த்து, "வாம்மா" என்றுகூட யாரும் சொல்லவில்லை. அவள் ஊசி குத்திய கையின் கட்டைக்கூட அவிழ்க்காமல் டீ போட்டாள்.

கூடத்தில் பத்துப் பேருக்கு மேல் இருந்தார்கள். தனுஷா கதவோரம் நின்றிருந்தாள். சுப்புராயன் டீயை வாங்கி ஒரு வாய் உறிஞ்சிவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"குடுக்கறதுக்கு ஒரு மனசு வேணும், அது எம்புள்ள கிட்ட இருந்துச்சி. வாங்கிக்கிறதுக்கு ஒரு ராசி வேணும்" என்றார். "அதாச்சும் போவட்டும். குடும்பத்துப் பொம்பளைக்கு வர்ற சீக்கா அது? எங்க இருந்துதான் வந்துச்சோ, எம்புள்ள குடுத்தத அழிச்சிட்டுப் போச்சி."

எல்லாரும் கோகிலவாணியைப் பார்த்தார்கள். அவள் பொன்னுரங்கத்தைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்படிப் பேசாதீங்க பெரியப்பா என்றால் போதும், மீதியை அவள் தன்னோடு கொண்டுபோய்விடுவாள். அதற்கும் தயாராகத்தான் இருந்தாள். அவன் தாடியைச் சொறிந்துகொண்டு தரையைப் பார்த்தான். மகள் கதவோரத்திலிருந்து தன்னையே பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது.

"எங்க இருந்தும் வரல மாமா, இந்த வூட்டுல இருந்துதான் வந்துச்சி" என்றாள் கோகிலவாணி. "இந்த ஒடம்பு இவர் ஒருத்தரத் தவிர யாரையும் அறியாது. இவரு எனக்குக் குடுத்தது ரெண்டு. அதுல ஒண்ணத்தான் ஊருக்குச் சொன்னாரு."